கத்தரிக்காய்ச் சொத்தைக்கு ஆரம்பம் எங்கே? தாய்ப்பூச்சியைத் தெரிந்துகொள்வோம்



"கத்தரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். ஆனால் சொத்தை விழுந்த கத்தரிக்காய் கடைத்தெருவுக்கு வராது. வந்தாலும் வியாபாரி கூடையைக் கவிழ்த்துப் பார்த்து, நல்ல காயின் விலையையும் சேர்த்துக் குறைத்துவிடுவார். பறித்த காயைத் தரம் பிரிக்க உட்காருவது பெரும்பாலும் பெண்கள்தான். நல்ல காய் ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம் என்று பிரிக்கும்போது சொத்தைக் குவியல் ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கும் வேதனை நமக்குத்தான் தெரியும். குழுவில் கடன் வாங்கி நாற்று, உரம், மருந்து என்று போட்ட பணம் அந்தக் குவியலில் கிடக்கிறது.

"வாரத்துக்கு ரெண்டு தடவை மருந்து அடிச்சும் புழு போகலையே?" என்பது கூட்டத்துக்குக் கூட்டம் வரும் கேள்வி. இதற்குப் பதில் மருந்துக் கடையில் இல்லை. அந்தப் பூச்சி எப்போது ஜோடி சேருகிறது, எங்கே முட்டை வைக்கிறது, எங்கே ஒளிகிறது என்பதில் இருக்கிறது. இந்த மாதப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இந்தப் பூச்சி யார்?

கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கிற புழுவுக்கு "தண்டு மற்றும் காய்த்துளைப்பான்" என்று பெயர். விஞ்ஞானிகள் வைத்த பெயர் லூசினோட்ஸ் ஆர்போனாலிஸ். நம் நாட்டில் மட்டும் இல்லை. இலங்கை, வங்கதேசம், தாய்லாந்து என்று கத்தரி விளையும் ஆசிய நாடுகள் பலவற்றிலும் இதே தொல்லைதான்.

நாம் காய்க்குள் பார்க்கும் இளஞ்சிவப்புப் புழு இதன் பிள்ளைப் பருவம். வளர்ந்த பருவம் ஒரு சின்ன அந்துப்பூச்சி. வெள்ளை இறக்கை, அதில் பழுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த திட்டுகள். இறக்கையை விரித்தால் 2 சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். ஆண் பூச்சி சிறியது, பெண் பூச்சி சற்றுப் பெரியது.

இந்த அந்துப்பூச்சி காயைக் கடிப்பதே இல்லை. தின்பதெல்லாம் புழுதான். ஆனால் புழுவைப் பிறப்பிப்பது அந்துப்பூச்சி. நாம் இதுவரை புழுவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அதன் தாயையும் தகப்பனையும் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

ராத்திரியில் நடக்கும் கல்யாணம்

பகலில் தோட்டத்துக்குப் போனால் இந்தப் பூச்சியைப் பார்ப்பது கஷ்டம். இலைக்கு அடியில், செடிக்குள் மறைந்து உட்கார்ந்திருக்கும். இருட்டிய பிறகுதான் அதற்கு வேலை. கூட்டிலிருந்து வெளியே வருவது, ஜோடி சேருவது, முட்டை வைப்பது எல்லாமே ராத்திரியில்தான்.

கும்மிருட்டில் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கும்? கண்ணால் இல்லை, வாசனையால். பெண் பூச்சி ஓரிடத்தில் உட்கார்ந்து, வயிற்றின் நுனியில் இருக்கும் சுரப்பியை வெளியே நீட்டி ஒரு வாசனையை விடும். நம் மூக்குக்கு அது தெரியாது. ஊசி முனையில் ஒட்டும் அளவுகூட இல்லாத பொருள், காற்றில் கலந்து போகும். ஆண் பூச்சியின் தலையில் இருக்கும் உணர்கொம்புகள் அதைப் பிடித்துவிடும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகப் பறந்து பறந்து, பெண் இருக்கும் இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும்.

இந்த வாசனைக்கு "இனக்கவர்ச்சி வாசனை" என்று பெயர். ஒவ்வொரு வகை அந்துப்பூச்சிக்கும் தனித்தனி வாசனை. பருத்திக் காய்ப்புழுவின் பெண் பூச்சி விடும் வாசனைக்குக் கத்தரிப் பூச்சியின் ஆண் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதைப் போல. கத்தரிப் பூச்சியின் வாசனை என்ன பொருள் என்பதை 1980-களின் பிற்பகுதியில் சீனாவிலும் இலங்கையிலும் ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டுபிடித்தார்கள். இன்று அதே பொருளைத் தொழிற்சாலையில் செய்து, ரப்பர் குப்பியிலோ சின்ன பிளாஸ்டிக் குப்பியிலோ ஏற்றி விற்கிறார்கள். அதைத்தான் கடையில் "லூர்" என்கிறார்கள்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். அந்துப்பூச்சியின் ஆயுள் சில நாட்கள்தான். ஆணுக்கு இரண்டு நாள் என்றால், பெண்ணுக்கு மூன்று, நான்கு நாள். அதற்குள் ஜோடி சேர்ந்து, முட்டையும் வைத்து முடிக்க வேண்டும். ஜோடி கிடைக்க ஒரு ராத்திரி தாமதமானாலும் பெண் பூச்சிக்கு முட்டை வைக்கும் நாளில் ஒன்று குறைந்துபோகும். ஜோடியே கிடைக்காவிட்டால் அது வைக்கும் முட்டை பொரிக்காது. பூச்சியின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது.

முட்டை வைக்கும் இடம்

ஜோடி சேர்ந்த பெண் பூச்சி ராத்திரியில் செடி செடியாகப் பறந்து முட்டை வைக்கும். பெரும்பாலும் ஒவ்வொன்றாக வைக்கும். இலையின் அடிப்பக்கம், இளந்தண்டு, பூமொட்டு, காயின் காம்புப் பகுதி ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். ஒரு தாய்ப்பூச்சி 80-லிருந்து 250 முட்டை வரை வைக்கக்கூடும். முட்டை மிகச் சிறியது, வெளிர் நிறம். வெறுங்கண்ணில் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். 3-லிருந்து 5 நாளில் முட்டை பொரிக்கும்.

மருந்து ஏன் எட்டுவதில்லை?

பொரித்த குஞ்சுப் புழு வெளியே உலாத்திக்கொண்டு இருக்காது. பக்கத்தில் இருக்கும் கொழுந்தையோ, பூவையோ, காயையோ சீக்கிரமே துளைத்து உள்ளே போய்விடும். போன வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். காய் வளர வளர அந்தத் துளை தூர்ந்துவிடும். அதனால்தான் வெளியே பளபளவென்று இருக்கும் காயை நறுக்கினால் உள்ளே புழு நெளிகிறது. நாம் காயில் பார்க்கும் பெரிய ஓட்டை, புழு உள்ளே போன வழி இல்லை; தின்று முடித்து வெளியே வந்த வழி.

முட்டையிலிருந்து வெளியே வந்து உள்ளே நுழையும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மருந்து பட்டால்தான் புழு சாகும். உள்ளே போய்விட்டால் தெளித்தது தோலோடு நின்றுவிடும். "அப்போ எல்லா நாளும் அடிச்சா?" என்று தோன்றும். அப்படி அடித்த ஊர்களில் என்ன ஆனது? ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததால் புழு அதற்குப் பழகிக்கொண்டது. புழுவைத் தின்கிற, புழுவுக்குள் முட்டை வைக்கிற நன்மை செய்யும் பூச்சிகள் செத்துப்போயின. வெள்ளை ஈயும் சிலந்திப் பேனும் கூடுதலாக வந்து சேர்ந்தன. மருந்து அடித்த மறுநாளே காய் பறித்தால் அந்த விஷம் பறிக்கிற நம் கையிலும், வாங்கிச் சமைக்கிறவர் வீட்டுச் சட்டியிலும்தான் போய்ச் சேரும்.

கூட்டுப்புழுவும் நம் வீட்டு விறகும்

புழு 12-லிருந்து 22 நாள் வரை உள்ளேயே தின்று வளரும். முடிந்ததும் வெளியே வந்து கீழே இறங்கி, உதிர்ந்து காய்ந்த இலைக்குள்ளோ செடியின் அடிப்பகுதியிலோ கூடு கட்டும். கூடு காய்ந்த சருகின் நிறத்திலேயே இருக்கும். உற்றுப் பார்த்தாலும் தெரியாது. வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் அந்துப்பூச்சியாக வெளிவரும். குளிர் காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகும். ஆக முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரை ஒரு தலைமுறை முடிய ஏறக்குறைய ஒரு மாதம்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காய்ப்பு முடிந்ததும் கத்தரி மாரைப் பிடுங்கி, கட்டிக் கொண்டுவந்து, அடுப்பெரிக்க வீட்டோரத்திலோ தோட்டத்து மூலையிலோ அடுக்கி வைக்கிறோம். அந்த மாருக்குள் புழுவும் இருக்கும், கூடும் இருக்கும். அதிலிருந்து வெளிவரும் பூச்சிகள் பக்கத்தில் புதிதாக நட்ட கத்தரிக்குத்தான் போகும். தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம் 2000-களின் தொடக்கத்தில் இந்தியா, வங்கதேசம், இலங்கை நாடுகளின் ஆராய்ச்சி நிலையங்களோடு சேர்ந்து இந்தப் பூச்சியைக் கட்டுப்படுத்தும் வேலையைச் செய்தது. பழைய மார்க் குவியலை அப்புறப்படுத்துவது அதில் சொல்லப்பட்ட முக்கியமான பாடங்களில் ஒன்று.

ஒரு சின்னக் கணக்கு

குழுவில் வட்டிக் கணக்கு போடுகிற நமக்கு இந்தக் கணக்கு சுலபமாகப் புரியும். கணக்குக்காக, ஒரு தாய்ப்பூச்சி 100 முட்டை வைக்கிறது, அதில் பாதி செத்துப்போய் 50 மட்டும் பிழைக்கிறது, அதில் பாதி பெண் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மாதம்: 50 பூச்சி. அதில் தாய் 25.
இரண்டாம் மாதம்: 25 தாய்க்கு 50 வீதம் 1,250 பூச்சி. அதில் தாய் 625.
மூன்றாம் மாதம்: 625 தாய்க்கு 50 வீதம் 31,250 பூச்சி.

தோட்டத்தில் இப்படியே நடக்கும் என்று இல்லை. மழையும் பறவையும் மற்றப் பூச்சிகளும் நிறையக் குறைத்துவிடும். ஆனாலும் கூட்டுவட்டி எப்படி ஏறுமோ அப்படித்தான் இதுவும். முதல் மாதத்தில் ஒரு தாய்ப்பூச்சிக்கு ஜோடி கிடைக்காமல் செய்வது, மூன்றாம் மாதத்தில் ஆயிரக்கணக்கான புழுவைக் கொல்வதற்குச் சமம். பூ எடுத்து, காய் பிடித்து, சொத்தையைப் பார்த்த பிறகு ஓடுவது காலம் தாழ்ந்த வைத்தியம்.

இனக்கவர்ச்சிப் பொறி

பெண் பூச்சியின் வாசனை ஏற்றிய லூரைப் பொறியில் தொங்கவிடுகிறோம். ஆண் பூச்சி, பெண் இருப்பதாக நினைத்து வந்து பொறிக்குள் விழுகிறது. ஆண் குறையக் குறைய, ஜோடி கிடைக்காத பெண் அதிகமாகும். பொரிக்கிற முட்டை குறையும்.

வைக்கும் முறை:

1. நட்ட 15, 20 நாளில் பொறி வைத்துவிட வேண்டும். பூ வரும்வரை காத்திருக்கக் கூடாது.

2. பூச்சி வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஏக்கருக்கு 5 பொறி போதும். ஆண் பூச்சிகளைக் கூட்டமாகப் பிடித்து அழிக்க வேண்டும் என்றால் 10 மீட்டருக்கு ஒன்று வீதம் ஏக்கருக்கு 40 பொறி வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல், 5 பொறி வைத்துவிட்டு "பொறி வச்சும் புழு போகலை" என்று சொல்கிறவர்கள் உண்டு.

3. பொறி செடியின் உச்சி மட்டத்தில் இருக்க வேண்டும். வங்கதேசத்தில் செய்த வயல் சோதனையில், செடி மட்டத்தில் வைத்த பொறியில்தான் அதிகப் பூச்சி விழுந்தது. அரை மீட்டர் மேலேயோ கீழேயோ வைத்தால் குறைந்தது. ஆகவே செடி வளர வளரப் பொறியையும் உயர்த்திக் கட்ட வேண்டும்.

4. விலை கொடுத்து வாங்கும் பொறிதான் வேண்டும் என்று இல்லை. உள்ளூரிலேயே செய்யும் தண்ணீர்ப் பொறியும் நன்றாக வேலை செய்யும். பிளாஸ்டிக் டப்பாவின் இரண்டு பக்கமும் ஜன்னல் போல வெட்டி, அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, மூடியிலிருந்து லூரைத் தொங்கவிட்டால் போதும். லூர் தண்ணீரைத் தொடக் கூடாது. தண்ணீர் வற்றாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. கடையில் "கத்தரி காய்த்துளைப்பான் லூர்" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பருத்திக்கோ நிலக்கடலைக்கோ உள்ள லூரைக் கொடுத்தால் ஒரு பூச்சிகூட விழாது. பாக்கெட்டில் தயாரித்த தேதியையும் பாருங்கள்.

6. லூரின் வாசனை நாளாக ஆகக் குறையும். 3, 4 வாரத்துக்கு ஒரு முறை, அல்லது பாக்கெட்டில் எழுதியுள்ளபடி மாற்ற வேண்டும். மாற்றிய பழைய லூரைத் தோட்டத்திலேயே எறியக் கூடாது.

ஒருவர் வைத்தால் போதுமா?

போதாது. இதற்கும் காரணம் அதன் கல்யாண வழக்கத்தில்தான் இருக்கிறது.

முதல் காரணம், ஓர் ஆண் பூச்சி ஒன்றுக்கு மேற்பட்ட பெண்ணோடு சேர முடியும். பாதி ஆணைப் பிடித்துவிட்டோம் என்று திருப்திப்பட முடியாது. மிச்சம் இருக்கும் ஆண்களே பல பெண்களுக்குப் போதும். பெரும்பாலான ஆண்களைப் பிடிக்க வேண்டும். இரண்டாவது காரணம், பொறியில் விழுவது ஆண் மட்டும். பக்கத்துத் தோட்டத்தில் ஏற்கெனவே ஜோடி சேர்ந்த பெண் பூச்சி, நம் பொறியைக் கண்டுகொள்ளாமல் பறந்து வந்து நம் செடியில் முட்டை வைத்துவிட்டுப் போகும்.

அதனால் இருபது சென்ட் கத்தரிக்கு மட்டும் ஒருவர் பொறி வைப்பதும், ஊரே வைப்பதும் ஒன்று இல்லை. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் வைக்க வேண்டும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க முடியும். சேமிப்பும் கடனும் மட்டும் இல்லை, இந்த வேலைக்கும் குழு வேண்டும். கத்தரி போட்டிருக்கும் உறுப்பினர்கள் சேர்ந்து மொத்தமாக லூர் வாங்கினால் விலையும் பேசி வாங்கலாம், போக்குவரத்துச் செலவும் குறையும்.

பொறியோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை

பொறி ஒரு கை. மறு கையும் சேர்ந்தால்தான் ஓசை.

• வாரம் ஒரு முறை தோட்டத்தைச் சுற்றி வந்து, வாடித் தொங்கும் நுனிக் கொழுந்தைக் கிள்ளி எடுங்கள். அதற்குள் புழு இருக்கும். கிள்ளியதை வரப்பில் போட்டால் புழு ஊர்ந்து வெளியே வந்து கூடு கட்டிவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி வெயிலில் வையுங்கள், அல்லது எரித்துவிடுங்கள்.

• பறிக்கும்போது சொத்தைக் காயைச் செடியிலேயே விட்டுவிடாதீர்கள். அதையும் பறித்து இதே போல அழியுங்கள்.

• பழைய கத்தரி மாரைப் புது நடவுக்கு முன்பே எரித்துவிடுவது நல்லது. விறகுக்கு வேண்டும் என்றால் தோட்டத்தை விட்டுத் தள்ளி அடுக்கி, ஒரு மாதத்துக்குச் சின்னக் கண் உள்ள வலையால் நன்றாக மூடி வையுங்கள். வெளிவரும் பூச்சி வலைக்குள்ளேயே செத்துவிடும்.

• நாற்றங்காலை வலையால் மூடி வளர்த்தால் புழு இல்லாத நாற்று கிடைக்கும்.

• 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தால் தாய்ப்பூச்சி முட்டை வைக்கத் தயங்கும். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள்.

• கத்தரி எடுத்த நிலத்தில் மறுபடியும் கத்தரியே வேண்டாம். வெண்டை, வெங்காயம், கீரை என்று மாற்றிப் போடுங்கள்.

உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்

"அக்கா, பொறியில தினமும் பூச்சி விழுதே, பொறி வச்சதாலதான் பூச்சி கூடுதலா வருதோ?"

இல்லம்மா. பூச்சி முன்பும் ராத்திரியில் வந்துகொண்டுதான் இருந்தது. நம் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது பொறி அதைக் காட்டிக் கொடுக்கிறது.

"பொறியில ஒண்ணுமே விழலை. அப்போ பூச்சி இல்லைன்னு விட்டுடலாமா?"

அவசரப்பட வேண்டாம். லூர் பழசா, வேறு பயிருக்கு உள்ளதா, பொறி செடிக்கு மேலேயோ கீழேயோ போய்விட்டதா, தண்ணீர் வற்றிவிட்டதா என்று முதலில் பாருங்கள். நுனி வாடியிருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் சந்தோஷப்படலாம்.

"பொறி வச்சா மருந்தே அடிக்க வேண்டாமா?"

கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதை நிறுத்தலாம். பொறியில் விழும் எண்ணிக்கையும் வாடிய நுனியும் கூடினால், வேளாண் அல்லது தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு, சொன்ன அளவில் மட்டும் அடியுங்கள். அடித்த பிறகு எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்பதையும் கேட்டு, அதன்படி நடங்கள்.

"எங்க வீட்டுக்காரரு இதெல்லாம் நம்ப மாட்டாரே?"

நோட்டில் எழுதிக் காட்டுங்கள். ஒவ்வொரு பறிப்பிலும் நல்ல காய் எத்தனை கிலோ, சொத்தை எத்தனை கிலோ, மருந்துக்கும் கூலிக்கும் எவ்வளவு போனது என்று எழுதி வாருங்கள். இரண்டு மாதக் கணக்கைப் பார்த்தால் யாரும் சொல்லாமலே புரிந்துகொள்வார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள்

1. நம் குழுவில் இப்போது யார் யார், எத்தனை சென்ட் கத்தரி போட்டிருக்கிறோம்? அடுத்த நடவு எப்போது?
2. குழுவில் இல்லாத பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் யார் பேசுவது?
3. எல்லோரும் ஒரே வாரத்தில் பொறி வைக்க எத்தனை லூர் வேண்டும்? பணம் சொந்தமாகப் போடுவதா, குழுக் கடனா?
4. நம் ஊரில் கத்தரி மார்க் குவியல் எங்கெல்லாம் இருக்கிறது? எந்த நாளில் சேர்ந்து அப்புறப்படுத்தலாம்?

முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் தலைவியிடம் சொல்லி அனுப்புங்கள். இரண்டு மூன்று ஊர் குழுக்கள் சேர்ந்து கேட்டால் லூரை மொத்தமாக வாங்கித் தர கூட்டமைப்பு ஏற்பாடு செய்வதும் சுலபம். பழைய மார்க் குவியலை அகற்ற மட்டும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அதை இந்த வாரமே தொடங்கலாம்.